விண்ணப்பம் பதினேழு

விதியில் இருக்கிறதாம்:
குழுவில் ஒருவராவது
விஞ்ஞானம் படிக்காதவராக இருக்கவேண்டும்.
அப்படித்தான் என்னைக் கூப்பிட்டார்கள்,
பரந்தன் கூட்டுறவுச் சங்கத்தில்
உரமூட்டை எண்ணுகிறவளை.

மாதத்தின் இரண்டாம் வியாழன்.
அறிவியல்நகர், மேல்மாடி, ஆறு கதிரை.
மின்விசிறி தாள்களைத் தூக்கப் பார்க்கிறது.
மிருக வைத்தியர் கஜமுகன்
தன் கைத்தொலைபேசியை அவற்றின்மேல் வைக்கிறார்.

புடையன் நஞ்சு. மாற்று மருந்து.
கடல் தாண்டி வருகிற மருந்து
எங்கள் வயல் பாம்புக்கு
முழுசாய்ப் பிடிப்பதில்லை என்று
எழுதியிருக்கிறாள் நிதர்சினி.
கேட்கும் எண்ணிக்கை: அறுபது.
வெள்ளைச் சுண்டெலி, ஆறு கிழமை வயது.

'வேதனையின் தரம்' என்றொரு கட்டம்.
லேசு, நடுத்தரம், கடுமை.
கடுமைக்கு எதிரே சரி போட்டிருக்கிறாள்,
தாளின் பின்பக்கம் தடிக்கும்படி அழுத்தி.
பொய் எழுதத் தெரியாத பிள்ளை.

என் வீட்டுக்காரர் புடையன் கடித்து
பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
மூத்திரம் கோப்பி நிறத்தில் போனது.
இடது கால் இன்னும் வரம்பில் ஏறாது.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
சொன்னால் எழும்பி வெளியே நில்லுங்கோ என்பார்கள்,
நலன் முரண்பாடு,
அதற்கும் ஒரு கட்டம் உண்டு.

கணக்குப் படித்தவர் கூட்டிக் கழித்து
நாற்பத்திரண்டு போதும் என்றார்.
பதினெட்டு எலி தப்பின.
அவற்றுக்கு அது தெரியாது,
இன்னும் பிறக்கவே இல்லை.

எப்போது நிறுத்துவீர்கள்?
சாகும்வரை என்று இருந்ததை வெட்டி,
மல்லாத்தினால் புரள முடியாத கணம் என்று மாற்றினோம்.
அந்தக் கணத்தில் காத்திராமல்
முடித்துவிட வேண்டும், நோகாமல்.

'அந்தக் கணம்
சனி இரவு இரண்டு மணிக்கு வந்தால்?'
நான் கேட்டேன்.
எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள்.

எலியையும் மனிசரையும்
ஒரே தராசில் போட்டுப் பேசுகிறவர்களை
எனக்குப் பிடிக்காது.
ஆனாலும் ஆளுக்கு இத்தனை லீற்றர் தண்ணீர்,
இத்தனை அடி இடம் என்று
தட்டச்சு செய்த தாளொன்றை
முள்ளுக்கம்பிக்கு உள்ளே நின்று வாசித்திருக்கிறேன்.
எழுதியது ஒன்று, வந்தது ஒன்று.
அதனால் இந்தத் தாளை
வரி விடாமல் வாசிக்கிறேன்.

சொல்லாமல் ஒருநாள் விலங்குக்கூடத்துக்குப் போனேன்.
ஆவணி வெயில்.
படிவத்தில் இருபத்திநாலு பாகை,
சுவரில் முப்பத்தொன்று.
கறண்ட் காலமையே போய்விட்டதாம்.
மரியதாஸ் யன்னலெல்லாம்
ஈரச்சாக்குத் தொங்கவிட்டிருந்தான்.
'இது சட்டத்தில இல்லை அக்கா' என்றான்.
தண்ணிப் போத்தல் ஒவ்வொன்றின் முனையையும்
சுண்டுவிரலால் தட்டி
ஒரு துளி வந்த பிறகே கூட்டில் மாட்டினான்.
பதிவேட்டில், பென்சிலால்,
முப்பத்தொன்று, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
இருபத்திநாலு என்று எழுத
அவனுக்கும் தோன்றியிருக்கும்.

அனுமதி கொடுத்தோம்.
ஜெனரேற்றருக்கு டீசல்,
இரவுக்கு மூன்று பேரின் முறை,
பெயர் போட்டு, தொலைபேசி இலக்கம் போட்டு.
நான்காம் நிபந்தனை நான் சொல்லி எழுதுவித்தது:
சனியும் ஞாயிறும் நாட்களே.
சிரித்தார்கள். பிறகு எழுதினார்கள்.

படியில் நின்று நிதர்சினி
நன்றி சொல்ல வந்தாள்.
பஸ்ஸைக் காட்டி இறங்கிவிட்டேன்.

'இண்டைக்கு என்ன முடிவு?' என்றார் இவர்.
'நாற்பத்திரண்டு.'
எது என்று கேட்கவில்லை.
இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி
முன்னால் கிடந்த கதிரையில் வைத்தார்.
நான் சோற்றுக்கு அரிசி அளந்தேன்,
ஒரு சுண்டு, பிறகு அரைச் சுண்டு,
அந்த அரையைத் திரும்ப அளந்து.